மேல்வீட்டுத் தரை

லுவான் ஃபெங்தாயைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் எங்கள் குடியிருப்பில் அவரை நன்றாக அறிந்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளோடு தெற்கே போய்விட்டார்கள். மீதிப்பேர் எழுத உட்கார்ந்தால் தங்கள் முழங்கால் வலியைப் பற்றித்தான் எழுதுவார்கள். அதனால் நான் எழுதுகிறேன். எழுதி முடித்தால் கொஞ்சம் பாரம் குறையும் என்ற ஆசையும் உண்டு, அதை மறைப்பானேன்.

அவர் எங்கள் கம்பளி ஆலையின் பாய்லர்க்காரர். வடக்கே எங்கள் ஃபூஷுன் ஊரில் நிலக்கரிக்கு என்றைக்கும் குறைவில்லை. ஆலைக்குப் பின்னால் இருந்த பாய்லர் கொட்டகையிலிருந்துதான் தொழிலாளர் குடியிருப்பின் ஆறு கட்டடங்களுக்கும் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் குழாயில் வரும். நவம்பர் முதல் தேதி பற்றவைத்தால் மார்ச் கடைசிவரை நெருப்பு அணையாது. இருபத்தொன்பது குளிர்காலங்கள் அந்த நெருப்பின் வாய்க்குக் கரி ஊட்டியவர் அவர். குள்ளம், தடித்த கழுத்து, புருவம் எப்போதும் கருகியிருக்கும். "புருவமில்லாத புருஷனைக் கட்டிக்கிட்டேன்" என்று அவர் மனைவி யாஜுன் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் யார் வீட்டிலும் தொலைபேசி இல்லை. வீடு சில்லென்று ஆனால் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் தட்டுவோம். சத்தம் குழாய் வழியாகவே கொட்டகைக்குப் போய்விடும். எந்தக் கட்டடத்தில் தட்டுகிறார்கள் என்று லுவான் காதை வைத்துச் சொல்லிவிடுவார் என்பார்கள். அது புளுகு என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மகளுக்கு மூன்று மாதமாக இருந்தபோது, ஜனவரி மாதம், இருமலில் குழந்தை நீலம் பாரித்துப்போக, நான் பயந்துபோய்க் குழாயைத் தட்டினேன். கால் மணி நேரத்தில் முகமெல்லாம் கரியோடு வாசலில் நின்றார். சுவரோரச் சூடேற்றியில் காற்று அடைத்திருந்ததாம். சட்டைப் பையிலிருந்து சிறு சாவியை எடுத்துத் திருகிக் காற்றை வெளியேற்றினார். இரும்பு சூடாகும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். டீ கொடுத்தேன். கை கரியாக இருக்கிறது, கோப்பை அழுக்காகிவிடும் என்று வாங்கவில்லை.

இனி என்னைப் பற்றி. நான் தோங் ஷூவென். ஆலையின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். என்னைத் தாண்டி ஒரு நூல்கண்டுகூட வெளியே போனதில்லை. சிக்கனம் என் குணம். முகம் கழுவிய தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழிப்பறைக்கு ஊற்றுவேன், விளக்கை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பேன். வறுமையால் அல்ல. ஓய்வூதியம் வருகிறது, மகள் தாலியனில் நல்ல வேலையில் இருக்கிறாள். கணவர் போனபிறகு ஒருத்திதானே, என்ன செலவு. எதையாவது மிச்சம் பிடித்தால் யாரையோ ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

ஆலை மூடி, பாய்லர் கொட்டகையையும் இடித்து, எங்கள் கட்டடங்களை நகரத்து வெந்நீர்ப் பெருங்குழாயோடு இணைத்தார்கள். சில வருஷம் கழித்து வீட்டுக் குழாய்களையும் மாற்றினார்கள். முன்பெல்லாம் ஒரே குழாய் கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்கு ஏறும், தன் வீட்டை மட்டும் யாரும் மூடிக்கொள்ள முடியாது. இப்போது படிக்கட்டு ஓரத்து அலமாரியில் வீட்டுக்கு ஒரு வால்வு. செப்டம்பருக்குள் விண்ணப்பித்தால் அந்தக் குளிர்காலம் முழுவதும் நம் வால்வை மூடி ஈய முத்திரை போட்டுவிடுவார்கள். கட்டணத்தில் கால் பங்கு கட்டினால் போதும். இந்த விதியைப் படித்த அன்று எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

ஏனென்றால் என் வீடு ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி, அதிலும் நடு வீடு. கீழே சூடு, இரண்டு பக்கமும் சூடு, மேலே லுவான் வீட்டுச் சூடு. பொட்டலத்தின் நடுவில் இருக்கும் சோறு மாதிரி. நான் தனியாகச் சூடேற்றுவானேன்? மூடிவிட்டேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, என் வீட்டில் பதினெட்டுக்குக் குறையவில்லை. வீட்டுக்குள் மெல்லிய பருத்திச் சட்டையோடு நடமாடினேன். பூங்காவில் உடற்பயிற்சி செய்ய வரும் பெண்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

"உங்க வீடு நடுவுல இருக்கா? அப்புறம் ஏன் காசைக் கரியாக்குறீங்க?"

"அப்போ உங்களுக்குச் சூடு எங்கேர்ந்து வருது, தோங்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சும்மா வருது. வேணாம்னா சொல்லுவேன்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

லுவானுக்கு அந்த வருஷம் மே மாதமே, நான் வால்வை மூடுவதற்கு முன்பே, பக்கவாதம் வந்தது. சந்தையில் குந்தி உட்கார்ந்து வெங்காயத்தாள் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இடது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சும் குழறியது. யாஜுன் படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் ஒரே விஷயத்தைச் சொல்வாள், என்னிடமும் சொன்னாள். "மொத வருஷம்தான் முக்கியமாம்க்கா. தினம் தரையில எறக்கிப் பழக்கணுமாம். வசந்தத்துக்குள்ள கோல் ஊணி நடந்துடுவாரு, நடுவுல விட்டா முட்டி இறுகிப்போயிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாரு டாக்டர்." ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அவர்கள் வீடு என் வீட்டுக்கு நேர் மேலே, கடைசி மாடி. அதற்கு மேலே கூரை, கூரைக்கு மேலே பனி. தினமும் காலை ஐந்தரைக்கு யாஜுன் தரையில் பாயை விரித்து அவரை இறக்கிவிடுவாள். புரண்டு, முட்டி போட்டு, ஒரு மர முக்காலியைப் பிடித்து எழுந்து, அதை ஒரு சாண் முன்னால் தள்ளி, காலை இழுத்துப் போடுவார். எனக்குக் கேட்பதெல்லாம் ஒரு டொக், பிறகு ஒரு சர்ர். ஒன்றரை மணி நேரம் டொக், சர்ர், டொக், சர்ர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதே விடிந்தபின் எழலாம் என்பதற்குத்தான் என்று எனக்கு எரிச்சல். பக்கவாதக்காரரிடம் போய்ச் சத்தம் போடாதே என்று சொல்ல மனசு வரவில்லை. சமையலறையில் பழைய வெந்நீர்க் குழாய் வெட்டி எடுக்க ஆள் வராமல் அப்படியே நின்றது. கரண்டியை எடுத்து அதில் நாலு தட்டு தட்டினேன்.

மேலே சத்தம் சட்டென்று நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ பேசிக்கொள்வது கேட்டது. பிறகு வெகுநேரம் டொக் இல்லை. பரவாயில்லையே, புரிந்துகொண்டார்கள் என்று திரும்பிப் படுத்தேன். அப்புறம் ஒரு ஐந்தாறு நாள் அப்படித் தட்டியிருப்பேன்.

டிசம்பர் பிறந்ததும் சத்தம் குறைந்தது. ஒன்றரை மணி நேரம் என்பது அரை மணி ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, பிறகு ஒரேயடியாக நின்றது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். இதை எழுதத்தான் வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நடக்கவே ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது, அதுதான் முக்காலிச் சத்தம் இல்லை என்று ஒரு சமாதானமும் செய்துகொண்டேன். நமக்குச் சௌகரியமான நினைப்பு கேட்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வருஷத்தின் மிக நீண்ட இரவு வரும் நாளில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கொழுக்கட்டை வேகும். சாப்பிடாதவர்களுக்குக் காது உறைந்து விழுந்துவிடும் என்று கேலி. அன்று மத்தியானம் கதவு தட்டியது. யாஜுன் நின்றாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பஞ்சுக் கோட்டு, தலையில் கம்பளிக் குல்லாய். ஒரு கையில் ஆவி பறக்கும் கிண்ணம், கக்கத்தில் ஒரு துணி மூட்டை.

"எங்க யாஜுன், வெளிய கிளம்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, வீட்லேர்ந்துதான் வரேன்." கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "புளிச்ச கோஸும் பன்னிக்கறியும். சூட்டோட சாப்பிடுங்க, காது பத்திரம்."

பிறகு மூட்டையைப் பிரித்தாள். ஆண்கள் போடும் பஞ்சுக் கால்சட்டை ஒன்று இருந்தது.

"இது அவரோடதுக்கா. துவைச்சு வெச்சதுதான். பெரிசா இருந்தா இடுப்புல ஒரு கயித்தைக் கட்டிக்குங்க. உங்களுக்குக் குளுருதுன்னு குடுத்தனுப்பிச்சாரு."

"எனக்குக் குளுருதுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதானேக்கா தட்டினீங்க."

என் கண் சமையலறைக் குழாயின் பக்கம் போனது.

"நீங்க தட்டறப்பல்லாம் அவரு தவிச்சுப் போறாரு. 'தோங் தட்டுறாங்க, தோங் தட்டுறாங்க'ன்னு ஒரே புலம்பல். காத்து எடுக்கற சாவியைக் கொண்டாங்கறாரு. பாய்லரை இடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சே மனுஷான்னா, 'தட்டுறாங்கல்ல'ங்கறாரு. அதுக்கு மேல பயிற்சியும் ஓடல, ஒண்ணும் ஓடல." அவள் கால்சட்டையை மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். "கேட்டுச்சு, எந்திரிச்சு வர முடியல, தப்பா நெனச்சுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

குளிருக்காகத் தட்டவில்லை, உன் புருஷன் நடக்கப் பழகும் சத்தம் பிடிக்காமல் தட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை. இதை அவர்கள் படித்தால்தான் உண்டு.

யாஜுன் குல்லாயைக் கழற்றினாள். பிறகு மேல்கோட்டின் பொத்தானையும் அவிழ்த்தாள். என் பருத்திச் சட்டையைப் பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உங்க வீடு நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை.

"தெக்குப் பாத்த ஜன்னல். வெயில் அடிக்குது" என்றேன். அவர்கள் வீட்டு ஜன்னலும் அதே தெற்கைத்தான் பார்க்கிறது.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"படுக்கையிலதான். தரையில எறக்கவே முடியல. பாய்க்கு மேல ரெண்டு மெத்தை போட்டுப் பாத்தேன். பத்து நிமிஷத்துல கால் விறைச்சு மரக்கட்டையாயிடுது. போன குளிர்ல இப்படி இல்ல, வெறுங்காலோட நடந்தோம். காவோ ரெண்டு தடவை வந்து அளந்தான்." காவோ என்பவன் வீடு வீடாக வந்து வெப்பம் அளந்து போகும், வெப்ப அலுவலகத்து ஆள்.

"என்ன சொன்னான்?"

"பதினஞ்சுக்கு மேல ஏறலையாம். தண்ணி சூடாத்தான் வருதாம். மேல கூரை, கீழ வந்து..." அவள் நிறுத்தினாள். குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டாள். "மேல்வீடுன்னா அப்படித்தானாம்க்கா. நான் வரேன், அவரு தனியா இருக்காரு."

அவள் போனதும் மேஜைமேல் நாற்காலியைப் போட்டு ஏறி, என் வீட்டுக் கூரையில் கையை வைத்துப் பார்த்தேன். சுவரெல்லாம் வெதுவெதுப்பு, அது மட்டும் சில்லென்று இருந்தது. அதுதான் லுவான் கால் வைக்கவேண்டிய தரை. என் சூடேற்றி ஓடியிருந்தால் கீழிருந்து அதற்கு ஏறியிருக்கவேண்டிய சூட்டைத்தான் மிச்சம் பிடித்துவிட்டுப் பூங்காவில் சிரித்தேன். கொழுக்கட்டை ஆறிப்போய்ப் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை வெப்ப அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். முழுக் கட்டணமும் கட்டுகிறேன், அபராதமும் கட்டுகிறேன், முத்திரையை உடையுங்கள் என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள்.

"செப்டம்பர்ல மூடுங்க மூடுங்கன்னு மேஜையத் தட்டினது நீங்கதானேம்மா? இனிமே அடுத்த நவம்பர்தான். நடுவுல தொறந்தா காத்து புகுந்து மொத்த வரிசையும் நின்னுடும்."

"மேல் வீட்ல நோயாளி இருக்காரு."

"அப்போ இல்லையா அவரு?"

திரும்பி வரும் வழியில் மின்சாரத்தில் ஓடும் எண்ணெய்ச் சூடேற்றி இரண்டு வாங்கினேன். ஒன்றை மேஜைமேல் தூக்கி வைத்தேன், இன்னொன்றைத் துணி அலமாரியின் உச்சியில் வைத்தேன். என் கூரை சூடானால் அவர்கள் தரை சூடாகும் என்பது என் கணக்கு. இரவும் பகலும் ஓடவிட்டேன். ஃப்யூஸ் மூன்று முறை போயிற்று. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், "சூடேத்தியை எதுக்கும்மா பரண்ல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு என் மகளின் தொலைபேசி எண்ணைக் கேட்டான். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். ஆலையில் வேலை செய்தபோது கிடைத்த தடித்த கம்பளி விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே போய், அவர்கள் தரையில் நானே விரித்தேன்.

லுவான் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி மலர்ந்தது.

"சூ...டு வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுண்ணே" என்றேன்.

"கால்சட்டை போடு" என்றார்.

ஜனவரி கடைசியில் தரை கொஞ்சம் தேவலை என்று ஆயிற்று. யாஜுன் அவரை மறுபடி இறக்கினாள். நான் கீழே படுக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தரைக்குக் காத்திருப்பேன். டொக் கேட்கும், சர்ர் வராது. முட்டி மடங்கவில்லை, மடக்கினால் அலறினார். மார்ச்சில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்றரை மாசம் விட்டுவிட்டீர்களே என்றாராம் டாக்டர். ஒரு சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுத்தார். மின்தூக்கி இல்லாத ஐந்தாம் மாடியில் சக்கர நாற்காலி எதற்கு? படுக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவே உருளத்தான்.

வசந்தம் முழுவதும், கோடை முழுவதும் நான் மூடியதைச் சொல்லிவிட வேண்டும் என்று படியேறினேன். ஒவ்வொரு முறையும் தக்காளியையோ பீன்ஸையோ கொடுத்துவிட்டு இறங்கினேன். அவர் தலைமுடியைக்கூட நான்தான் வெட்டிவிட்டேன். சொல்ல மட்டும் முடியவில்லை. செப்டம்பர் வந்ததும் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வந்தேன், அந்தத் தெருவிலேயே முதல் ஆள் நான்தான். அதே வாரம் யாஜுன் கையில் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். வால்வை மூடுவதற்கான விண்ணப்பத் தாள்.

"இதை எப்படி எழுதணும்னு சொல்லுங்கக்கா. உங்களுக்குத்தான் பழக்கம்."

"எதுக்கு?"

"இந்த வருஷம் நாங்களும் மூடிடலாம்னு இருக்கோம். படுக்கையில மின்சாரக் கம்பளி போட்டா அவருக்குப் போதும். இனிமே தரையில எறங்கற வேலை இல்லையே."

அதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை. "மூடாதே யாஜுன். பணம் நான் கட்டறேன். நான் பண்ணின பாவம் அது. போன குளிர்ல நான் என் வீட்டை மூடினதாலதான் உங்க தரை ஐஸாப் போச்சு. எனக்குப் பஞ்சமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் கொழுப்புல மூடினேன்."

"நீங்க மூடினது தெரியும்க்கா. காவோ மொத நாளே சொல்லிட்டான்."

"தெரிஞ்சா வந்து நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருக்க வேண்டாமா? அன்னிக்கே கேட்டிருந்தா நான் ஏதாவது பண்ணியிருப்பேனே."

"செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். அவருதான் விடல. 'தனியா இருக்கறவங்க, கையில இல்லாமத்தான் மூடியிருப்பாங்க. நீ போய்க் கத்தாதே, மனசு நோகும். நடக்க ஆரம்பிச்சதும் நானே எறங்கிப் போய்ப் பக்குவமாச் சொல்றேன்'னாரு." அவள் தாளை மேஜையில் வைத்து மடிப்பை நீவிவிட்டாள். "ஒரு மாடிதானே, வசந்தத்துக்குள்ள எறங்கிடலாம்னு இருந்தாரு."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள்.

"பேர் எழுதற எடம் இதுவாக்கா?" என்று கேட்டாள்.

அதுதான் என்றேன்.